வேலிக்குள் கள்ளி

காஞ்சிபுரத்தில் 'பார்டர்' என்றால் சேலை பார்டர்தான். உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம். இரண்டையும் கோர்வை போட்டு நெய்துவிட்டால் உடல் கிழிந்தாலும் கரை பிரியாது என்று தறிக்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். கடந்த சில வருஷங்களில் அந்தச் சொல்லுக்கு ஊரில் இரண்டாவது அர்த்தமும் வந்துவிட்டது. ஓரிக்கை, செவிலிமேடு பக்கம் எழும் புது வீடுகளில் காம்பவுண்டுச் சுவரை ஒட்டி இரண்டடி அகலத்தில் நீளமாக ஒரு பாத்தி. அதில் வெள்ளைக் கூழாங்கல் பரப்பி, நடுநடுவே ஆனைக்கற்றாழை, ஸ்நேக் பிளான்ட், பாலைவன ரோஜா என்று விற்கப்படும் அடீனியம், தூண் மாதிரி ஒரு சதுரக்கள்ளி, முன்வரிசையில் டேபிள் ரோஸ். இதுவும் பார்டர்தான். தண்ணீர் அதிகம் கேட்காது, பல வருஷம் நிற்கும், மெயின்டனன்ஸே வேண்டாம் என்பது விற்பவர்களின் வாக்கு. (என் தொழிலிலும் இந்தக் கடைசி வாக்கைக் கொடுப்பவர்கள் உண்டு. அவர்களை நாங்கள் நம்புவதில்லை.)

தண்ணீருக்குத் தட்டுப்பாடுள்ள ஊரில் இது நியாயமான தோட்டம். பாலாற்றுப் பாலத்தில் போகிறவர்கள் வருஷத்தில் பெரும்பாலான நாள் பார்ப்பது மணலும் முட்புதரும்தான். அங்கே புல்தரை போட்டு தினமும் குழாயைத் திறந்துவிடுவதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் இந்தப் பாத்தியைப் பார்த்தவுடன் வீட்டுப் பெரியவர்களில் ஒருவராவது "கள்ளியைப் போய் யாராவது வீட்டுக்குள்ள வைப்பாங்களா?" என்று கேட்டுவிடுகிறார். நாம் அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்குகிறோம். எனக்கு அது ஓர் இலக்கியக் கேள்வியாகத் தோன்றுகிறது. கள்ளி வேலியாக நிற்கலாம், வேலிக்குள் வரக் கூடாது என்ற விதி எங்கிருந்து வந்தது? கவிதைகள் போட்டதா, கவிதைகளைப் படித்த நாம் போட்டதா?

முதலில் தோட்டம். தமிழில் தோட்டம் என்றால் பொழில், சோலை, கா. எல்லாமே நிழலும் நீரும் சேர்ந்த சொற்கள். காஞ்சிபுரம் என்ற பெயரே காஞ்சி மரத்திலிருந்து வந்தது என்று சொல்வதுண்டு. அது ஆற்றங்கரை மரம், மருதத் திணைக்கு உரியது. தமிழ்க் காப்பியத்தில் இந்த ஊருக்கு ஒரு தோட்டமும் உண்டு. மணிமேகலையின் இருபத்தெட்டாவது காதையில் மணிமேகலை காஞ்சிக்கு வரும்போது ஊரில் மழையில்லை, மக்கள் பசியில் கிடக்கிறார்கள். அரசன் தெய்வ வாக்கின்படி ஏற்கெனவே ஒரு தோட்டம் அமைத்து வைத்திருக்கிறான், மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையைப் போலவே ஒரு பொய்கையும், அதை ஒட்டி ஒரு பூம்பொழிலும். அங்கேதான் அவள் புத்த பீடிகையை அமைக்கிறாள், அமுதசுரபியை வைத்து எல்லா உயிர்களையும் சாப்பிட அழைக்கிறாள்.

மணிமேகலையைக் கொண்டாடுபவர்கள் (நானும்தான்) இந்தக் காதையைப் பசியின் காதையாகப் படிப்போம். தோட்டத்தின் காதையாக ஒருமுறை படித்துப் பாருங்கள். பஞ்சத்தின் நடுவே கட்டப்படும் தோட்டத்தைக்கூட நம் காப்பியம் பொய்கை இல்லாமல் கற்பனை செய்யவில்லை. வறட்சிக்கு விடையாக வறட்சியின் எதிர்ப்பதத்தைக் கொண்டுவந்து வைக்கிறது. அரசனும் தெய்வமும் இருந்தால் அது சரி. நம்மிடம் இருப்பது மாடித் தொட்டியில் பாதி தண்ணீர். வறட்சியோடு சேர்ந்து வாழும் தோட்டம் என்ற எண்ணத்துக்கு நம் செவ்வியல் மரபில் முன்மாதிரி தேடினால் பொழில்களில் கிடைக்காது. பாலைப் பாட்டுகளுக்குள்தான் போக வேண்டும்.

பாலை என்றதும் நமக்குப் பள்ளிக்கூடத்து அட்டவணை ஞாபகம் வரும். பாலைக்கு மரம் இலுப்பை, பாலை. பூ குரவம், பாதிரி. பரீட்சைக்கு மனப்பாடம் செய்த அந்தக் கட்டத்துக்குள் கள்ளி இல்லை. பாட்டுகளுக்குள் இருக்கிறது. குறுந்தொகையில் மூன்று இடங்களைச் சொல்கிறேன்.

பதினாறாவது பாட்டு பாலை பாடிய பெருங்கடுங்கோ எழுதியது. பொருள் தேடிப் போனவன் நம்மை நினைக்க மாட்டானா என்று தோழி கேட்கிறாள். அவன் போகும் வழி கள்ளிக் காடு. அங்கே செந்நிறக் கால் கொண்ட ஆண் பல்லி தன் துணையைக் கூப்பிடுகிறது. அந்தச் சத்தம், ஆறலைக் கள்வர் இரும்பு அம்பின் முனையை நகத்தால் புரட்டிப் பார்க்கும்போது எழும் சத்தம் போலிருக்கிறது. உவமையின் நுட்பத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். அதே பாட்டில் கள்ளிக்கு ஓர் அடைமொழி இருப்பதைக் கடந்துபோய்விடுகிறோம். கள்ளியின் அடித்தண்டை அழகியது என்கிறார் கவிஞர். அழகியது! கொள்ளைக்காரர்கள் அம்பு தீட்டும் வழியில், மழை மறந்த காட்டில், ஒரு செடியின் கால் அழகாக இருப்பது அவர் கண்ணில் பட்டிருக்கிறது. இன்று ஒரு சதுரக்கள்ளியைத் தூணாக நட்டு அதன் கோணங்களை ரசிப்பவர் செய்வதும் இதேதான்.

அறுபத்தேழாவது பாட்டு அள்ளூர் நன்முல்லையுடையது. கிளியின் அலகில் பளபளக்கும் வேப்பம்பழம், பொன்காசைக் கோக்கப் பிடித்திருக்கும் பொற்கொல்லனின் நகம் போல் தெரிகிறது என்று நகை மாதிரியே நுணுக்கமான காட்சி. அது முடியும் இடம் நிலம் கரிந்த கள்ளிக் காடு. கரிந்தது நிலம்தான். கள்ளியைக் கரிந்தது என்று அவர் சொல்லவில்லை.

மூன்றாவதுதான் எனக்கு மிகப் பிடித்தது. நூற்றெழுபத்துநான்காவது பாட்டு, வெண்பூதியார் எழுதியது. மழை கைவிட்ட தனிவழியில் கவைத்த முள் கொண்ட கள்ளி. அதன் முற்றிய காய் படாரென்று வெடிக்கிறது. அந்தச் சத்தத்தில் ஜோடியாக இருந்த புறாக்கள் அரண்டு பறக்கின்றன. அவ்வளவு கடினமான வழியில் பணத்துக்காக இவன் போகிறான் என்றால் உலகத்தில் பொருள்தான் பொருள் போலிருக்கிறது, அருளை வைத்துக்கொள்ள ஆளில்லை என்கிறாள் தலைவி.

இந்தப் பாட்டுக்கு நாம் எழுதும் வழக்கமான உரை தெரிந்ததுதான். ஜோடிப் புறா பிரிவது தலைவன் தலைவி பிரிவுக்குக் குறிப்பு, கள்ளி கொடுமைக்குக் குறிப்பு, அவ்வளவுதான், அடுத்த பாட்டு. குறிப்பு இருப்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதற்குக் கீழே ஓர் உண்மை இருக்கிறது: கள்ளிக் காய் நிஜமாகவே வெடிக்கும். கள்ளியும் ஆமணக்கும் ரப்பர் மரமும் ஒரே குடும்பம். இவற்றின் காய் பெரும்பாலும் மூன்று அறையாக இருக்கும், முற்றிக் காய்ந்ததும் ஓடு முறுக்கிக்கொண்டு விதையைத் தூரமாக எறியும். ஆமணக்குக் காயை முற்றத்தில் காயப்போட்ட வீடுகளில் கேட்ட சத்தம்தான். ஆக, அந்தப் பாட்டில் கள்ளி செத்துக்கொண்டிருக்கவில்லை. மழை போன வழியில், மற்றதெல்லாம் ஒடுங்கிக் கிடக்கும்போது அது விதை போட்டுக்கொண்டிருக்கிறது. பிரிவின் பாட்டுக்கு நடுவே இனப்பெருக்கம் நடக்கிறது. வெண்பூதியார் இதைத் தெரிந்துதான் வைத்தார் என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார். உரை எழுதிய நாம் கேட்கவில்லை.

என் புகார் இதுதான். கள்ளியை வறட்சியின் அடையாளமாக மட்டும் சுருக்கியது கவிதை அல்ல, வாசிப்பு. கருப்பொருள் என்பதை நாம் ஒரு குறியீட்டு அகராதியாக மாற்றிவிட்டோம். இது வந்தால் இது அர்த்தம், அது வந்தால் அது அர்த்தம். கோடு எழுதுகிறவனுக்கு இந்த வகை லுக்-அப் டேபிள் ரொம்ப வசதி. கவிதைக்கு வசதி இல்லை.

கவிதைகளே கள்ளியை ஒதுக்கிய இடமும் இருக்கிறது, மறைக்கக் கூடாது. புறநானூற்றில் கள்ளி பெரும்பாலும் சுடுகாட்டுச் செடி. 245ஆம் பாட்டில் சேரமான் மாக்கோதை மனைவியின் சிதைக்கு முன் நின்று, இவ்வளவு பெரிய துயரமும் என்னைக் கொல்லவில்லையே என்று வெட்கப்படுகிறான். அந்தச் சிதை எரிவது கள்ளி ஓங்கி வளர்ந்த களர்நிலத்தில். 356ஆம் பாட்டிலும் அதே கள்ளி, அதே களர், பகலிலும் கூவும் கூகை. பெரியவர்களின் "வீட்டுக்குள்ள வைப்பாங்களா" என்ற கேள்விக்குப் பின்னால் இந்தக் காடு நிற்கிறது. ஆனால் இங்கேயும் ஒரு விஷயம் பாருங்கள். மாக்கோதையின் வெட்கம், செத்திருக்க வேண்டியவன் சாகாமல் நிற்பது. அவன் நிற்கும் இடத்தில் கள்ளியும் அப்படித்தான் நிற்கிறது.

கலிங்கத்துப்பரணியிலும் ஒரு பாலை உண்டு. குலோத்துங்கன் பாலாற்றங்கரைக் காஞ்சியில் இருந்தபடி போருக்கு ஆணையிடும் காவியம் அது. அதில் 'காடு பாடியது' என்ற பகுதியில் ஜெயங்கொண்டார் காளியின் காட்டைப் பாடுகிறார். காய்ந்த மரங்களின் நீண்ட பட்டியல், அனல், புகை. படிக்க அபாரமாக இருக்கும், சந்தம் நம்மை இழுத்துக்கொண்டு ஓடும். ஆனால் அங்கே எல்லாமே செத்துக் கிடக்கின்றன. குறுந்தொகைப் பாலையில் பல்லி கூப்பிடுகிறது, காய் வெடிக்கிறது. பரணிப் பாலையில் மிகைக்குத்தான் வேலை. பிற்காலத்தில் தமிழ் மேடைப் பேச்சும் சினிமாப் பாட்டும் எடுத்துக்கொண்டது பரணியின் பாலையைத்தான் என்று தோன்றுகிறது.

பார்டருக்கு வருவோம். அதில் நிற்கும் ஸ்நேக் பிளான்ட் ஐ.டி. ஆபீஸ்களின் தேசியச் செடி. எங்கள் ஃப்ளோரில் மீட்டிங் ரூமுக்கு ஒன்று இருக்கிறது. காற்றைச் சுத்தம் செய்யும், நாசாவே சொல்லியிருக்கிறது என்பார்கள். 1989இல் வந்த அந்த ஆய்வு மூடிய பெட்டிகளுக்குள் நடந்தது, ஜன்னலும் ஏசியும் உள்ள ஆபீஸில் அல்ல. அது கிடக்கட்டும். மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து வந்த இந்தச் செடிக்கு நம் ஊரில் நெருங்கிய உறவு ஒன்று உண்டு. மருள் என்று இன்று சொல்கிறோம், சங்கப் பாட்டில் மரல். சதைப்பிடிப்பான வாள் போன்ற இலை, வரிவரியாகக் கோடு, உள்ளே உறுதியான நார். வில்லுக்கு நாணாக முறுக்கிய நார் இந்த இனத்தினுடையது.

புறநானூறு 264இல் ஒரு நடுகல். பரல் நிறைந்த மேட்டில் கல் நட்டு, மரல் நாரைக் கிழித்து அதில் சிவப்புப் பூக்களைத் தொடுத்துச் சூட்டியிருக்கிறார்கள். அதாவது தமிழில் மரலுக்கு முதல் வேலை பூக்கட்டும் நூல். கலித்தொகையின் ஆறாவது பாட்டு இதைவிடத் தீவிரமானது. மழை பொய்த்த காட்டில் மரையா என்னும் விலங்கு மரலைத் தேடித் தின்கிறது. அதே வழியில் கள்வரின் அம்பு பட்டுச் சுருண்டவர்கள் நாக்கு வறண்டு, தண்ணீர் கிடைக்காமல், தங்கள் கண்ணீராலேயே நாக்கை நனைக்கிறார்கள். முதல் அடிக்கும் மற்றதற்கும் உள்ள தொடர்பை உரைகள் அழுத்துவதில்லை. அந்தக் காட்டில் தண்ணீர் இருக்கிறது. மரலின் இலைக்குள் இருக்கிறது. விலங்குக்குத் தெரிந்திருக்கிறது, வழிப்போக்கனுக்குத் தெரியவில்லை. பாலைக்கலி முழுவதும் பெருங்கடுங்கோ பெயரில்தான் இருக்கிறது. கள்ளியின் காலை அழகென்று சொன்ன அதே ஆள். பாலை பாடிய என்ற பட்டம் சும்மா வந்ததில்லை.

இந்தச் செடிகளை 'வறட்சி தாங்கி' என்று மொழிபெயர்க்கிறோம். தாங்குவது என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுப்பது. இவை பொறுப்பதில்லை, வேலை நேரத்தை மாற்றிக்கொள்கின்றன. மற்ற செடிகள் பகலில் இலைத்துளையைத் திறந்து காற்றை வாங்கும், அப்போதே நீரையும் ஆவியாக இழக்கும். கள்ளி, கற்றாழை, மருள், ரணகள்ளி எல்லாம் நைட் ஷிப்ட். ராத்திரியில் திறந்து கரியமில வாயுவை வாங்கி அமிலமாகச் சேர்த்து வைத்துக்கொள்கின்றன, பகலில் கதவை மூடிவிட்டு அதை வைத்து உணவு தயாரிக்கின்றன. இதன் முதல் தடயங்களில் ஒன்று இந்தியாவில் கிடைத்தது. தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து பின்னர் கம்பெனியின் தாவரவியலாளர் ஆன பெஞ்சமின் ஹெய்ன், ரணகள்ளி இலையைக் கடித்துப் பார்த்து, காலையில் புளிக்கிறது, மத்தியானம் ருசியே இல்லை, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று எழுதினார். லண்டன் லின்னேயச் சங்கம் 1815இல் அதை அச்சிட்டது. நுண்ணோக்கி எதுவும் இல்லாமல் நாக்கை வைத்தே கண்டுபிடித்த விஷயம். நம் பாலைப் பாட்டுகளும் இந்த வகைக் கவனத்தின் பிள்ளைகள்தான்.

இப்போது அந்தப் பாத்தியைப் பற்றிக் கொஞ்சம் கறாராகப் பேசலாம். வீடியோக்களில் சொல்லப்படும் யோசனை பெரும்பாலும் மழை குறைந்த, ராத்திரி குளிரும் தேசங்களிலிருந்து வருவது. காஞ்சிபுரத்தில் இந்தச் செடிகள் மே மாதத்தில் சாவதில்லை. நவம்பரில் சாகின்றன. வருஷத்துக்கு ஆயிரம் மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்யும் மாவட்டம் இது. அதில் பெரும்பகுதி தென்மேற்கின் மாலை மழையாகவும், வடகிழக்கின் சில வாரங்களிலும் கொட்டித் தீர்த்துவிடும். 2015ஐ நாம் மறக்கவில்லை. ஏரிப் பாசனத்துக் களிமண்ணில் தரைமட்டத்துக்குப் பாத்தி போட்டால் அடீனியத்தின் அடித்தண்டு கூழாகிவிடும். எச்செவேரியா என்ற ரோஜா வடிவச் செடி மெக்சிகோவின் மலைநாட்டுக்காரி, நம் ஊரின் புழுக்கமான இரவே அதற்கு ஆகாது. எதை நட்டாலும் ஓரடி மேடாக்கி, பாதிக்கு மேல் கல்லும் செங்கல் உடைசலும் கலந்து, தண்ணீர் வழிந்தோட வழி வைக்க வேண்டும். முன்பு ஆற்றுமணல் என்று எழுதியிருப்பேன். பாலாற்று மணல் கட்டடங்களுக்குப் போய்விட்டது, எம்-சாண்ட் வாங்கினால் தூளைச் சலித்துவிட்டுப் போடுங்கள். அந்த வெள்ளைக் கூழாங்கல்லையும் குறைக்கலாம். பகல் சூட்டைப் பிடித்து வைத்து இரவில் விடும், ராத்திரி மூச்சு விடும் செடிக்கு அது உபகாரம் இல்லை.

கள்ளிக்குத் தண்ணீர்தான் ஆபத்து என்பதைத் தமிழ் நாவல் ஒன்று தலைப்பிலேயே சுமக்கிறது. வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்', 2003இல் சாகித்ய அகாதமி பெற்றது. வைகை அணைக்காகத் தண்ணீரில் மூழ்கிய கிராமங்களின் கதை. வறண்ட பூமியில் வம்பாடுபட்டு வாழும் பேயத்தேவரைக் கடைசியில் அழிப்பது வறட்சி இல்லை, நீர்த்தேக்கம். எவ்வளவு வலுவான முரண்! ஆனால் என் வாசிப்பில் நாவல் அந்த முரணை உணர்ச்சியாகச் செலவழித்துவிடுகிறது. கள்ளி அங்கே 'எதையும் தாங்கும் ஏழை' என்பதற்கு ஒரு பெயர்ப்பலகை. அந்த வட்டாரத்தின் பேச்சும் சாப்பாடும் வேலைகளும் அவ்வளவு துல்லியமாக வரும் நாவலில், கள்ளி மட்டும் பரணியின் சந்தத்திலிருந்து இறங்கி வந்தது போல இருக்கிறது. தாங்குவதைப் புகழும் இலக்கியத்திடம் எனக்குக் கொஞ்சம் எச்சரிக்கை உண்டு. யாரையாவது 'தாங்கக்கூடியவர்' என்று சொல்லிவிட்டால் அவருக்குத் தண்ணீர் விட வேண்டாம் என்று நமக்கு நாமே அனுமதி கொடுத்துக்கொள்கிறோம்.

கள்ளியைப் பற்றிப் பேசிவிட்டுக் கள்ளிப்பாலைப் பேசாமல் போக முடியாது. அந்தப் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து, குழந்தைகள் ஓடியாடும் பாத்தியில் சதுரக்கள்ளியையும் திருகுகள்ளியையும் கை எட்டாத தூரத்தில் வைக்க வேண்டும். இது தோட்டக் குறிப்பு. மற்றது, எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் உசிலம்பட்டி, சேலம் பக்கம் பெண் சிசுக்களைக் கொன்றதாக வந்த செய்திகள். 1992இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவந்தது, 1994இல் பாரதிராஜா 'கருத்தம்மா' எடுத்தார். அந்தக் காலத்தில் 'கள்ளிப்பால்' என்ற ஒற்றைச் சொல் பெண் சிசுக்கொலைக்கு மறுபெயராகிவிட்டது. அந்தச் சொல்லாட்சியை யோசித்தால் உறுத்துகிறது. சொல்லுக்குள் செடி இருக்கிறது, கொடுத்த கை இல்லை. வரதட்சணை இல்லை, கொடுக்கச் சொன்ன வீட்டு ஆண்கள் இல்லை. சுடுகாட்டிலிருந்து வந்த பழைய விலக்கோடு இந்தப் புதிய பழியும் கள்ளிமேல் ஏறிக்கொண்டது. இந்த ஞாபகத்தைத் துடைத்துவிட்டு 'ஸ்கல்ப்சுரல் பிளான்ட்' என்று சொல்லி நடுவதும் எனக்கு உவப்பாக இல்லை. நடட்டும். பெயரைச் சொல்லி நடட்டும்.

சப்பாத்திக்கள்ளிக்கு வேறு கதை. அது பெயரளவில்தான் கள்ளி. நாகதாளி இனங்கள் எல்லாம் அமெரிக்காவிலிருந்து வந்தவை, சங்கக் கள்ளிக்கும் அவற்றுக்கும் ரத்த உறவே கிடையாது. ஒரே கஷ்டம் இரண்டு கண்டங்களில் ஒரே உருவத்தைச் செதுக்கியிருக்கிறது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் சென்னையில் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் சைதாப்பேட்டையில் கள்ளிக்கென்றே ஒரு தோட்டம் போட்டார். நோக்கம் அழகு இல்லை, சிவப்பு. நாகதாளியில் வளரும் காச்சினீல் பூச்சியிலிருந்து வரும் சாயத்தில் ஸ்பெயின்காரர்கள் கொழித்துக்கொண்டிருந்தார்கள். பட்டுக்காக முசுக்கட்டைச் செடியைப் பரப்ப முயன்றவரும் இதே ஆண்டர்சன்தான். 1795இல் பிரேசிலிலிருந்து கப்பலில் பூச்சி வந்தது, ஆனால் வந்தது சரியான இனம் இல்லை. சாயம் மட்டம், பூச்சி மட்டும் நாகதாளியில் ஒரு வகையைத் தின்று தீர்த்தது. அப்புறம் இன்னொரு வகை, இன்று நாம் பார்க்கும் முள் நிறைந்த சப்பாத்திக்கள்ளி, வயல்வெளிகளில் அடங்காமல் பரவ, 1926இல் இலங்கையிலிருந்து வேறொரு பூச்சியைக் கொண்டுவந்து அதைக் கட்டுப்படுத்தினார்கள். தமிழ்நாட்டில் முதன்முதலாகக் கள்ளியை வேலிக்குள் வரிசையாக நட்டவர்களில் ஒருவர், இப்படி, சிவப்புச் சாயத்துக்கு ஆசைப்பட்ட ஒரு டாக்டர்.

இதைச் சொல்வது 'நாட்டுச் செடி மட்டும் நடு' என்று கொடி பிடிக்க அல்ல. காஞ்சிப் பட்டில் நூல் கர்நாடகத்தது, ஜரிகை சூரத்தது, அரக்கு என்ற நிறத்தின் பெயர் ஒரு பூச்சியின் பிசினுடையது. நெய்கிற கைதான் அதைக் காஞ்சிப் பட்டாக்குகிறது. அடீனியமும் ஆனைக்கற்றாழையும் அப்படி இந்த ஊர்க்காரர்கள் ஆகலாம், தடையில்லை. ஆனால் சேலையின் கரையில் தாழம்பூ ரேக் இருக்கிறது, மல்லிமொக்கு, மயில்கண், ருத்ராட்சம், கோபுரம் எல்லாம் இருக்கின்றன. கள்ளி என்று ஒரு டிசைனை நான் பார்த்ததில்லை. புது வீட்டுப் பார்டரிலும் வந்தேறிகளுக்குப் பக்கத்தில் மருளோ பிரண்டையோ கள்ளிமுளையானோ பார்த்ததில்லை. நர்சரியில் கேட்டால் பிரண்டையைத் துவையலுக்கா என்று கேட்கிறார்கள். மே மாத வெயிலையும் நவம்பர் வெள்ளத்தையும் இரண்டாயிரம் வருஷமாகப் பார்த்த செடிகள் இவை. சுவரோரத்தில் மருளைக் கொத்தாக நட்டு, பின்னால் கம்பியில் பிரண்டையை ஏற்றி, முன்னால் கல்லிடுக்கில் கள்ளிமுளையானை விட்டால், பாத்தி கலித்தொகையின் அனுபந்தம் மாதிரி இருக்கும். வெடிக்கும் காய் வேண்டுமென்றால் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சதுரக்கள்ளி.

பெரியவர்களின் கேள்விக்கும் ஒரு பதில் பாக்கியிருக்கிறது. வீட்டுக்குள் வைப்பார்களா என்று கேட்கிறவர்களின் நிலைப்படிக்கு மேலேயே பாருங்கள். பிள்ளையார்பாளையத்துத் தறி வீடுகளில் நடந்தால் சில வாசல்களில், எலுமிச்சை மிளகாய்க்குப் பக்கத்தில், திருஷ்டிக்காக ஒரு சோற்றுக்கற்றாழையைத் தலைகீழாகக் கயிற்றில் கட்டித் தொங்கவிட்டிருப்பார்கள். மண் இல்லை, யாரும் தண்ணீர் விடுவதில்லை. வேர் மேலே காய்ந்து கிடக்கும். உள்ளே தறி ஓடும் பகலெல்லாம் இலைத்துளைகளை மூடி வைத்திருந்துவிட்டு, வீடு தூங்கினதும் அது திறக்கும். மாதக்கணக்காகத் தொங்கியது, நுனிகள் மட்டும் வெளிச்சத்தைப் பார்த்து மெதுவாக மேலே வளைந்திருக்கும்.